தண்ணீரிலிருந்து நிவாரணம்

இந்தக் கதையில் எது வெர்னா சொன்னது, எது ஆர்லோ சொன்னது, எது நானாக இட்டு நிரப்பியது என்று இப்போது என்னால் பிரிக்க முடியவில்லை. ஆர்லோ அதிகம் பேசுகிறவர் அல்ல. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, கோப்பையில் காபி ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த இடைவெளிகளில் நான் என்னவெல்லாம் போட்டுவைத்தேனோ. வெர்னா அன்று குளியலறைக்குள் ஒன்றரை மணி நேரம் இருந்தார் என்பது ஆர்லோவின் கணக்கு. இருபது நிமிஷத்துக்கு மேல் கிடையாது என்று வெர்னா கடைசிவரை சாதித்தார். எது சரி என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் முழுக்கத் தண்ணீர் நிற்காமல் கொட்டியது என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டை இல்லை.

ஆர்லோ டாக்கெட் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரும் வெர்னாவும் அரிசோனாவில் கயோட்டி மேட்டின் மேல் ஒரு சிறிய வீட்டில், சொந்தக் கிணற்றோடும் பிஸ்கட் என்ற கிழட்டுக் குதிரையோடும் முப்பது வருஷமாகக் குடியிருந்தார்கள். மேட்டுக்குக் கீழே இருந்த சமவெளிக்குக் காய்ந்த ஏரி என்று பெயர். பிறகு அங்கே ஒரு விடுதியும் கோல்ஃப் மைதானமும் வந்தன. வந்தவர்கள் பெயரிலிருந்து காய்ந்ததை எடுத்துவிட்டார்கள். ஏரியை மட்டும் ஸ்பானிஷில் வைத்துக்கொண்டு, அமைதி என்று ஒரு சொல்லைப் பின்னால் சேர்த்து, லாகோ செரீனோ என்று பலகை மாட்டினார்கள். பெயருக்குப் பொருத்தமாக ஏரி ஒன்றும் வேண்டியிருந்ததால் ஆழமாகக் கிணறுகள் தோண்டி அதையும் நிரப்பினார்கள்.

மேட்டில் இருந்தவர்களின் குழாய்களில் முதலில் மணல் வந்தது. பிறகு காற்று வந்தது. பிறகு காற்றும் வரவில்லை.

கொஞ்ச நாள் பக்கத்து நகரத்திலிருந்து லாரித் தண்ணீர் வாங்கினார்கள். மேடு நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று யாரோ வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்ததும் லாரி நின்றது. அதன் பிறகு மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆர்லோவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஜூன் முதல் தேதிக்குள் நிரந்தரமான தண்ணீர் வழி ஒன்றைக் காட்டாவிட்டால், அந்த வீடு மனிதர் வசிக்கத் தகுதியற்றது என்று அறிவிக்கப்படும். குதிரை வசிக்கலாமா என்பது பற்றிக் கடிதத்தில் எதுவும் இல்லை என்று வெர்னா சொன்னார்.

மேட்டுக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். அதற்கு விடுதியின் சார்பில் டிரிஸ்டன் வீலன் வந்தான். விருந்தினர் அனுபவத்துக்கு இயக்குநர் என்பது அவன் பதவி. முப்பத்தைந்து வயதிருக்கும், எல்லாரையும் முதல் பெயர் சொல்லி அழைத்தான், யார் கத்தினாலும் தலையைச் சாய்த்துக் கேட்டான். கடைசியில் எழுந்து, விடுதிக்கு மனமில்லாமல் இல்லை, சட்டம்தான் தடுக்கிறது என்று விளக்கினான்.

"எங்க கிணத்துக்கு அனுமதி குடுத்திருக்கறது ஆட்டத்துக்காக. ஆடுறவங்களுக்கு எவ்வளவு வேணும்னாலும் தரலாம். குடிக்கிறவங்களுக்குத் தர எனக்கு அதிகாரம் இல்ல. இதச் சொல்றப்ப என் மனசு எவ்வளவு கஷ்டப்படுதுன்னு உங்களுக்குப் புரியும்னு நம்பறேன்."

எல்லாரும் அவன் கஷ்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவன் வழி சொன்னான். நல்ல அண்டை வீட்டார் விடுமுறை என்று ஒரு திட்டம். மேட்டுக்காரர் யாராவது பாதிக் கட்டணத்தில் விடுதியில் தங்கி, விதிமுறைப்படி ஒரு முழு ஆட்டம், அதாவது பதினெட்டுக் குழிகளும் ஆடி முடித்தால், அவர் ஆட்டச் சகா ஆகிவிடுவார். ஆட்டச் சகாவுக்குத் துணி வெளுக்கும் கூடத்தின் பின்னால் இருக்கும் குழாயில் வருஷம் முழுக்கத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும் உரிமை உண்டு. மாவட்டமும் அதை நிரந்தர வழியாக ஒப்புக்கொள்ளும். பந்தை எத்தனை தடவை அடித்து முடிக்கிறார் என்பது முக்கியமில்லை. முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆர்லோ வாழ்நாளில் கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. நான்கு மாதம் குதிரைக் கொட்டடிக்குப் பின்னால், இரவல் மட்டையால் கற்களை அடித்துப் பழகினார். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பிஸ்கட் பார்த்துக்கொண்டிருந்தது. அதைவிட அலுப்போடு யாரும் கோல்ஃப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது வெர்னாவின் கருத்து.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, பெட்டியைக் கட்டிக்கொண்டு, பழைய பிக்கப் வண்டியின் பின்னால் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியோடு, வீட்டிலிருந்து முக்கால் மைல் தள்ளி விடுமுறைக்குப் போனார்கள்.

வாசலிலேயே டிரிஸ்டன் காத்திருந்தான். வண்டியைப் பார்த்ததும் அவன் புன்னகை மாறவில்லை. ஆனால் ஓட்டுநர் ஒருவனை விரல் சொடுக்கி அழைத்து, அதைத் துணிக்கூடத்தின் பின்னால் கொண்டுபோய் மறைவாக நிறுத்தச் சொன்னான். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால் விருந்தினர்களுக்குத் தாகத்தின் நினைவு வருகிறது என்றான். ஒரு பெண் வெள்ளித் தட்டில் குளிர்ந்த ஈரத் துண்டுகளைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் வெள்ளரிக்காய் வாசனை அடித்தது. வெர்னா துண்டை முகத்தில் வைக்காமல் கையில் எடை பார்த்தார்.

"இத பிழிஞ்சா ஒரு டம்ளர் வரும்," என்று ஆர்லோவிடம் மெதுவாகச் சொன்னார். "நம்ம பூந்தொட்டிக்கு ரெண்டு நாள் காணும்."

வராந்தாவின் கூரை நெடுகப் பொடிப் பொடியாகத் தண்ணீர் தூவிக்கொண்டிருந்தது. அது காற்றைக் குளிர வைப்பதற்காம். பாதி வழியிலேயே ஆவியாகிவிட்டதால் தரை நனையவில்லை. தரை நனையாதது விடுதியின் சிக்கனத்துக்கு அடையாளம் என்று டிரிஸ்டன் சொன்னான்.

அறையில் குளிப்பதற்கு மூன்று இடங்கள் இருந்தன. உள்ளே ஒன்று, வெளியே மூங்கில் தடுப்புக்குள் ஒன்று, படுத்துக்கொள்ளும்படி ஒரு தொட்டி. தொட்டியின் விளிம்பில் அழகான எழுத்தில் ஓர் அட்டை வைத்திருந்தார்கள். பாலைவனத்தில் ஒவ்வொரு துளியும் விலைமதிப்பற்றது, எனவே துண்டை மறுபடி பயன்படுத்த விரும்பினால் கொக்கியில் மாட்டுங்கள் என்று அதில் இருந்தது. வெர்னா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு துண்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதுதான் நான் முதலில் சொன்ன குளியல்.

ஆர்லோ பால்கனியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே கயோட்டி மேடு தெரிந்தது. அதன் உச்சியில் அவருடைய வீட்டின் தகரக் கூரை வெயிலில் ஒரு தடவை மின்னியது. மேசையில் கிடந்த விடுதியின் புத்தகத்தில் அதே மேட்டின் படம் இருந்தது. மனிதக் கால் படாத இயற்கை என்று போட்டு, கூரை இருந்த இடத்தில் ஒரு கள்ளிச்செடியை வரைந்து சேர்த்திருந்தார்கள். ஆர்லோ படத்தையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். வெர்னா சிவந்த முகத்தோடு வெளியே வந்தார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் இருட்டும்வரை அப்படியே இருந்தார்கள்.

மறுநாள் காலையில் ஆட்டம். காலர் இல்லாத சட்டைக்கு அனுமதி இல்லை என்பதால் ஆர்லோவுக்கு விடுதியே ஒரு சட்டை இரவல் கொடுத்தது. அதன் மார்பில் விடுதியின் சின்னமான நீர்த்துளி நீல நூலில் தைத்திருந்தது. முதல் குழிக்குப் புறப்படும் இடத்தில் கார்லிஸ் தேயர் நின்றிருந்தார். எழுபது வயது, நேரான முதுகு, விடுதியின் கோல்ஃப் மன்றத்தில் விதிமுறைக் குழுவுக்குத் தலைவி. அண்டை வீட்டார் ஆடும்போது கூடவே போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போடும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கியிருந்தார். விதிமுறைப் புத்தகம் அவர் கைப்பையில் இருந்தது; திறந்து பார்க்க வேண்டிய தேவைதான் அவருக்கு வருவதில்லை.

"மிஸ்டர் டாக்கெட், ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. இது நேர்மையின் ஆட்டம். இங்க போலீஸ் கெடையாது, நடுவர் கெடையாது. அவங்கவங்க தப்ப அவங்கவங்களே சொல்லணும். உலகத்துல வேற எந்த ஆட்டத்துலயும் இப்படி ஒரு வழக்கம் இல்ல."

ஆர்லோவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. பேருந்துக்குள் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டியவர் அவர். யார் தப்பு செய்தது என்று கேட்டு ஒருநாளும் பதில் கிடைத்ததில்லை.

பேட்டரி வண்டியில் வெர்னாவும் ஏறிக்கொண்டார். குழியில் நட்டிருக்கும் கொடியைப் பிடிக்கவும் மட்டையை எடுத்துக் கொடுக்கவும் ஒருவர் வேண்டும். அப்படிச் செய்கிறவர், விதிமுறைப்படி, ஆர்லோவின் கேடி என்று கார்லிஸ் அறிவித்தார். கேடி செய்கிற எல்லாவற்றுக்கும் ஆடுகிறவரே பொறுப்பு என்றும் சொன்னார். அந்த ஊரில் அது மட்டை சுமக்கும் கௌரவமான வேலையின் பெயர். நம் ஊர்க் காவல் நிலையத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ, சாயங்காலத்துக்குள் வெர்னாவுக்கு அதுவும் பொருந்திவிட்டது.

ஆர்லோ அடித்த முதல் பந்து புல்வெளியைத் தாண்டி நேராகப் பாலைவனத்துக்குள் போய் விழுந்தது. அது கிடந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. ஆர்லோ வண்டியை அந்தப் பக்கம் திருப்பினார். புல் முடியும் கோட்டில் வண்டி தானாக நின்றது. நீங்கள் அனுமதிக்கப்பட்ட இடத்தை விட்டு வெளியேறுகிறீர்கள், இந்த நாள் உங்களுக்கு இனியதாக அமையட்டும் என்று ஒரு பெண் குரல் வண்டிக்குள்ளிருந்து சொன்னது. ஆர்லோ இறங்கி நடக்கப் பார்த்தார்.

"பாலைவனத்துல கால் வைக்கக் கூடாது," என்றார் கார்லிஸ். "அது பாதுகாக்கப்பட்ட எடம். ரொம்ப மென்மையானது."

"நான் அங்கதானே குடியிருக்கேன்."

"இப்ப நீங்க விருந்தாளி."

இப்படியே போயிற்று. ஆர்லோ பந்துகளைப் பாலைவனத்துக்குள் அனுப்பினார். கோட்டுக்கு உள்ளே வேறு பந்தை வைத்து, அபராதமாக ஓர் அடியைச் சேர்த்துக்கொண்டு, மறுபடி அனுப்பினார். மற்ற விருந்தினர்கள் பின்னால் காத்திருந்து, பொறுமை இழந்து, கையசைத்துவிட்டு முந்திப் போனார்கள். ஆட்டத்தின் வேகத்தைக் காப்பாற்றும்படி வண்டி அடிக்கடி கேட்டுக்கொண்டது. ஓர் இடத்தில் ஆர்லோ மட்டையை மணலில் ஊன்றிவிட்டதாகத் தானே சொல்லித் தனக்கு இரண்டு அடி அபராதம் போட்டுக்கொண்டார். கார்லிஸுக்கு அது மிகவும் பிடித்தது. மன்றத்தின் உறுப்பினர்களிடம்கூட இப்போது இதைப் பார்க்க முடிவதில்லை என்றார். வழி நெடுக, புல்லுக்குள்ளிருந்து குழாய்கள் தலையை நீட்டிச் சுற்றிச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சிவிட்டு, மறுபடி பூமிக்குள் போய் மறைந்துகொண்டன.

பன்னிரண்டாவது குழிக்குப் போகும் வழியில் அப்படி ஒரு குழாயின் தலை உடைந்திருந்தது. தண்ணீர் பொங்கி வழிந்து, பள்ளமான இடத்தில் ஒரு சின்னக் குளமாகத் தேங்கியிருந்தது. காடைக் கூட்டம் ஒன்று கரையில் குடித்துக்கொண்டிருந்தது. வண்டி வந்ததும் ஓடிவிட்டது. ஆர்லோவின் பந்து குளத்தின் நடுவே, பாதி முங்கி, முட்டை மாதிரி கிடந்தது.

கார்லிஸின் முகம் மலர்ந்தது.

"அதிர்ஷ்டம் மிஸ்டர் டாக்கெட். உங்களுக்கு இலவச நிவாரணம் உண்டு."

நாள் முழுக்க ஆர்லோவின் காதில் விழுந்த முதல் நல்ல சொல் அது. "எதுலேர்ந்து?" என்று கேட்டார்.

"தண்ணியிலேர்ந்து."

நம் ஊரில் புயலுக்கும் வறட்சிக்கும் கொடுக்கிறார்களே, அதே சொல்தான். அந்த ஆட்டத்தில் பந்து ஏதாவது ஒரு தொல்லையில் போய் மாட்டிக்கொண்டால், அபராதம் இல்லாமல் எடுத்து நல்ல இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு நிவாரணம் என்று பெயர். தேங்கிய தண்ணீர் தொல்லைகளில் ஒன்று. ஆர்லோ குளத்தைப் பார்த்தபடி நின்றார். எவ்வளவு நேரம் என்று வெர்னாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. வண்டியின் குரல் நடுவில் இரண்டு தடவை பேசியது என்றுமட்டும் சொன்னார்.

"இது தற்காலிகத் தண்ணி," என்று கார்லிஸ் விளக்கினார். "மைதானத்தோட பாகம் இல்ல. இல்லாத மாதிரிதான் கணக்கு."

"இல்லாத தண்ணியா இது?" என்றார் வெர்னா.

"விதிமுறைப்படி."

"அப்ப யாரும் எடுத்துக்கிட்டா யாருக்கும் நஷ்டம் இல்ல."

அது கேள்வி அல்ல என்பதால் கார்லிஸ் பதில் சொல்லவில்லை. வெர்னா வண்டியிலிருந்து ஐஸ் பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே இருந்த சோடா டப்பாக்களை இருக்கையில் கொட்டினார். குளத்தின் கரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, காகிதக் கோப்பையால் மொண்டு மொண்டு பெட்டியில் ஊற்றினார். இடுப்பு வலிக்காரி, அவர் முட்டி போட்டுப் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று என்று ஆர்லோ சொன்னார். பிஸ்கட்டுக்கு என்று வெர்னா ஒரு தடவை சொன்னார், யாரிடம் என்று இல்லாமல். கார்லிஸ் தொப்பியின் நிழலில் அமைதியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டி நிறைந்தபோது குளத்தில் தண்ணீர் ஒரு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. பந்து முழுசாகத் தெரிந்தது.

"பந்த எடுத்துத் தள்ளி வெச்சுக்கறீங்களா?" என்றார் கார்லிஸ்.

"வேணாம் மேடம். இங்கிருந்தே அடிக்கறேன்."

"நிவாரணம் வேணாமா?"

"தண்ணியிலேர்ந்து வேணாம்."

ஆர்லோ காலணிகளையும் காலுறைகளையும் கழற்றி ஓரமாக வைத்தார். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு குளத்துக்குள் இறங்கினார். தண்ணீர் கால்விரல்களை நனைக்கும் அளவுக்கு இருந்தது. விரல்களைப் புல்லில் பதித்துக்கொண்டு நின்றார். எதற்கு அப்படி அடம் பிடித்தார் என்று நான் ஒருதரம் கேட்டேன். அவர் காபியைக் கிளறினார். கிளறி முடித்து, ஸ்பூனைத் துடைத்துத் தட்டில் வைத்துவிட்டு, குளிர்ச்சியாக இருந்தது என்றார்.

பிறகு அடித்தார். தண்ணீர் தலைக்கு மேல் எழும்பி வெர்னாவை முழுக்க நனைத்தது. பந்து உயரமாகப் போய், கொடிக்கு அருகே, ஒரு கை நீளத்தில் விழுந்து நின்றது. அன்று முழுக்க அவர் அடித்த ஒரே நல்ல அடி அது. வெர்னா முகத்தைத் துடைக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். கார்லிஸ்கூட மெல்லக் கை தட்டி, அழகான அடி என்றார்.

கடைசிக் குழி விடுதியின் ஏரிக்கு அந்தப் பக்கம். ஏரியின் நடுவே நீரூற்று ஒன்று ஆளுயரத்துக்கு நான்கு மடங்காக எழும்பிக்கொண்டிருந்தது. ஆர்லோ ஏரிக்குள் மூன்று பந்துகளைப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி அபராதம்.

"இதுவும் தண்ணிதானே. இதுக்கு ஏன் நிவாரணம் இல்ல?" என்று கேட்டார்.

"இது நிரந்தரத் தண்ணி. எப்பவும் இருக்கறது. அதுல போய் விழுந்தா அது உங்க தப்பு."

ஆர்லோ இன்னொரு பந்தை எடுத்து வைத்தார். அடிக்காமல், மட்டையைக் கீழே ஊன்றிக்கொண்டு, மேட்டைப் பார்த்தார்.

"எங்க கிணத்துல முப்பது வருஷம் தண்ணி இருந்துது. அது நிரந்தரமா, தற்காலிகமா?"

கார்லிஸ் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. விதிமுறையில் யாராவது நியாயமான சந்தேகம் கேட்டால் அவருக்கு மரியாதை வந்துவிடும். கண்ணை மூடி யோசித்தார். தற்காலிகத் தண்ணீர் என்றால் தரைக்கு மேலே தெரிய வேண்டும், கிணற்றுத் தண்ணீர் தரைக்குக் கீழே இருப்பது, ஆகவே அது அந்த இலக்கணத்துக்குள் வராது. நிரந்தரத் தண்ணீர் என்றால் குழு அதன் எல்லையைக் குச்சி நட்டுக் காட்டியிருக்க வேண்டும், அப்படி யாரும் காட்டவில்லை. கண்ணைத் திறந்தார்.

"என் அபிப்பிராயம், உங்க கிணத்துல இருந்தது எந்த வகையிலும் தண்ணி இல்ல. வேணும்னா குழுவுக்கு எழுதிக் கேக்கறேன்."

நான்காவது பந்து ஏரியைத் தாண்டியது. ஆர்லோ அதைத் தட்டித் தட்டிக் குழிக்குள் தள்ளினார். கொடியைப் பிடித்திருந்த வெர்னா அதைக் கீழே போட்டுவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கிணறு வற்றிய நாளிலிருந்து அப்படிக் கையைப் பிடித்ததில்லை.

ஆட்டம் முடியும் இடத்தில் டிரிஸ்டன் புகைப்படக்காரரோடு காத்திருந்தான். முன்கூட்டியே நல்லெண்ணத்தில் தொட்டியை நிரப்பச் சொல்லிவிட்டானாம். தளும்பும் தொட்டியோடு பிக்கப் வண்டியை, படத்துக்கு மட்டும் விதிவிலக்காக, ஏரிக்கரைவரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். ஆர்லோவையும் வெர்னாவையும் தொட்டியின் இரண்டு பக்கமும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு ஆர்லோ அட்டையில் குழி குழியாக அடிகளை எழுதிக் கூட்டி, நூற்று அறுபத்து மூன்று என்று போட்டுக் கையெழுத்திட்டார். டிரிஸ்டன் கையைக் குலுக்கி, நம் குடும்பத்துக்கு வரவேற்கிறேன் என்றான்.

கார்லிஸ் அட்டையை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பன்னிரண்டாவது குழி," என்றார். "உங்க பந்து கெடந்த எடத்துலேர்ந்து உங்க கேடி தண்ணிய எடுத்தாங்க. அதனால பந்து நல்லா வெளிய தெரிஞ்சுது. கெடக்கற நெலைய மாத்தினா ரெண்டு அடி அபராதம். அத நீங்க சேர்க்கல. கொறைச்சுப் போட்டுக் கையெழுத்தும் வெச்சுட்டீங்க."

"சேர்த்துக்கறேன் மேடம். நூத்தி அறுபத்தஞ்சு."

"கையெழுத்து ஆயிடுச்சே. தப்பான கணக்குல கையெழுத்துப் போட்டா தகுதி போயிடும். தகுதி போனா ஆட்டம் முடிஞ்சதாக் கணக்கு இல்ல."

நீரூற்று மேலே போய்க் கீழே விழுந்துகொண்டிருந்தது.

"நீங்க பாத்துக்கிட்டுதான நின்னீங்க," என்றார் வெர்னா.

"ஆமாம்."

"அப்பவே ஒரு வார்த்த சொன்னா என்னவாம்?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், மிசஸ் டாக்கெட். கேக்காமச் சொல்றது உங்க வீட்டுக்காரரோட நேர்மைய சந்தேகப்படற மாதிரி. காலைலேர்ந்து அவ்வளவு நேர்மையா ஆடினவர அவமானப்படுத்த எனக்கு மனசு வரல."

தெரியாமல் செய்ததற்கு மன்னிப்பே கிடையாதா என்று ஆர்லோ கேட்டார். உண்டு என்றார் கார்லிஸ். அபராதம் இருப்பது தெரியாமல் கையெழுத்துப் போட்டவருக்குத் தகுதி போகாது, அடியைச் சேர்த்துக்கொண்டால் போதும் என்று ஒரு விதிவிலக்கு இருக்கத்தான் செய்கிறது. மன்றம் அதை உறுப்பினர்களுக்கு மட்டும் வைத்திருக்கிறது. அடுத்த பருவத்தில் திட்டத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். பருவம் நவம்பரில் தொடங்குகிறது.

டிரிஸ்டன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது என்று வெர்னாவே ஒப்புக்கொண்டார்.

"ஆர்லோ, வெர்னா, இந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு வலிக்குதுன்னு சொல்ல வார்த்தை இல்ல. ஆனா இப்ப இந்தத் தொட்டியில இருக்கறது ஆட்டத்தோட தண்ணி. நீங்க ஆடல. சட்டப்படி இது ஒரு துளி வெளிய போனாலும் எங்க அனுமதி போயிடும், அப்புறம் இருநூறு பேர் வேலை போயிடும். அந்த இருநூறு குடும்பத்தோட தாகத்த நான் நெனச்சுப் பாக்கணும் இல்லையா?"

"நான் குளிச்ச தண்ணிய எப்படிப்பா திருப்பித் தர்றது?" என்றார் வெர்னா. "இப்பவே பிழிஞ்சு தரட்டுமா?"

அதைத் தங்கும் கட்டணத்தில் சேர்த்துக்கொண்டதாக டிரிஸ்டன் சொன்னான்.

ஊழியர்கள் இரண்டு பேர் வண்டியை ஏரியின் விளிம்புக்குப் பின்னால் நகர்த்தினார்கள். தொட்டியின் அடைப்பானைத் திருகினார்கள், அது அசையவில்லை. பழைய அடைப்பான், ஒரு பக்கம் தட்டி, பாதி திருப்பி, பின்னால் இழுத்து மறுபடி திருப்ப வேண்டும். அது ஆர்லோவுக்கு மட்டும்தான் தெரியும். ஊழியர்கள் நெம்புகோல் தேடப் போனார்கள். ஆர்லோ சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தானே போய், தட்டி, திருப்பி, இழுத்துத் திறந்துவிட்டார்.

கார்லிஸ் நெகிழ்ந்துபோனார். பக்கத்தில் இருந்தவரிடம், இதுதான் இந்த ஆட்டத்தின் ஆன்மா என்றார்.

தொட்டி காலியாக வெகுநேரம் பிடித்தது. கடைசித் துளிவரை நின்று பார்த்துச் சான்று தர வேண்டியது டிரிஸ்டனின் கடமை. அதற்குள் மாலை நீரூற்றுக் காட்சிக்கான நேரம் வந்து, இசையும் வண்ண விளக்குகளும் போட்டுவிட்டார்கள். மாடியில் கோப்பையும் கையுமாக இருந்த விருந்தினர்கள், வண்டியிலிருந்து ஏரிக்குள் தண்ணீர் கொட்டுவதும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். கிழவர் அடைப்பானை மூடியபோது எல்லாரும் கை தட்டினார்கள். டிரிஸ்டன் பிறகு ஐஸ் பெட்டியையும் நினைவுபடுத்தினான். வெர்னா அதைத் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் கவிழ்த்தார். வெற்றுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

ஜூன் முதல் தேதி வீட்டுக் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பிஸ்கட்டை வெர்னாவின் தங்கை கொலராடோவுக்கு அழைத்துப் போனாள். அங்கே அது இன்னும் இரண்டு குளிர்காலம் இருந்தது. ஆர்லோவும் வெர்னாவும் டூசான் நகரத்தில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீட்டுக்குப் போனார்கள். வெர்னா மறு வருஷம் இதயம் நின்று இறந்தார். ஆர்லோ அங்கேயே இருக்கிறார். போனால் காபி தருவார். டிரிஸ்டன் வேறு பாலைவனத்தில் இதைவிடப் பெரிய விடுதிக்குத் தலைவனாகப் போய்விட்டான். தொட்டியோடு எடுத்த படம் விடுதியின் புத்தகத்தில் இன்னும் வருகிறது. கார்லிஸ் மாநில விதிமுறைக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கிணற்றைப் பற்றிக் குழுவுக்கு எழுதிக் கேட்டும் விட்டார்.

மேட்டை விடுதி வாங்கி, புதிதாக ஒன்பது குழிகள் போட்டது. ஆர்லோவின் வீடு இருந்த இடத்தில் இப்போது புல் இருக்கிறது. கிணற்றைப் பலகை போட்டு மூடி, குழுவின் தீர்ப்புப்படி சுற்றிலும் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். பந்து அதற்குள் விழுந்தால் இலவச நிவாரணம்.